எந்த லாட்? தரவு மாதிரிகளில் சொல் ஒழுங்கு

திருப்பூரில் 'லாட்' என்ற சொல் காலை முதல் இரவு வரை காதில் விழும். நூற்பாலையிலிருந்து வரும் கோன் (கூம்பு வடிவில் சுற்றிய நூல்) மூட்டையின் மேல் உள்ள லாட் எண், ஒரே பஞ்சுக் கலவையில் நூற்ற நூலைக் குறிக்கிறது. சாயப்பட்டறைக்குப் போனால், சாஃப்ட் ஃப்ளோ என்ற சாயமேற்றும் இயந்திரத்தில் ஒரே தடவையில் சாயமேற்றிய துணி ரோல்களின் தொகுதிதான் லாட். பேச்சில் இதனால் குழப்பம் வருவதில்லை. யார் எங்கே நின்று பேசுகிறார் என்பதே பொருளைச் சொல்லிவிடுகிறது. ஆனால் இரு தரப்பும் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கான தரநிலை ஆவணத்தில் 'லாட் எண்' என்று ஒரே ஒரு கட்டத்தை வைத்தால், அங்கே அந்தச் சூழல் இருக்காது.

சாயமேறிய துணியின் குறுக்கே மெல்லிய பட்டைகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதிர்ச்சி வேறுபட்ட பஞ்சு சாயத்தை வேறுபட்ட அளவில் ஏற்கும். ஆகவே நிட்டிங் இயந்திரத்தில் இரண்டு நூல் லாட்டுகளின் கோன்கள் கலந்துவிட்டால், வெள்ளைத் துணியில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு சாயமேறிய பின்பு பட்டையாக வெளிப்படும். காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு சாய லாட்டில் பல நூல் லாட்டுகளின் துணி இருக்கலாம், ஒரு நூல் லாட் பல சாய லாட்டுகளில் பிரிந்திருக்கலாம் என்பதால், இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிய பதிவேட்டில் அந்த வழி அறுந்துபோகிறது. எனவே தரவு மாதிரியில், அதாவது எதை எப்படிப் பதிவது என்று வகுக்கும் வரைவில், இரண்டு உருபொருள்கள் (தனித்தனியாக அடையாளம் காண வேண்டியவை) வேண்டும். அவற்றுக்கு 'நூல் லாட்', 'சாய லாட்' என்று இரண்டு பெயர்களும் வேண்டும்.

கலைச்சொல் பணிக்கான ஐஎஸ்ஓ 704 என்ற பன்னாட்டுத் தரநிலை இதே வரிசையைத்தான் வகுக்கிறது: முதலில் கருத்து, பிறகு அதன் வரையறை, அதற்கேற்ற சொல். வரையறை சரிதானா என்று பார்க்க அது தரும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வாக்கியத்தில் சொல் வரும் இடத்தில் அதன் வரையறையை வைத்துப் பார்க்க வேண்டும். பொருள் மாறக் கூடாது. "ஒவ்வொரு ரோலும் ஒரே ஒரு லாட்டைச் சேர்ந்தது" என்ற விதியில், 'ஒரே தடவையில் சாயமேற்றிய ரோல்களின் தொகுதி' என்பதை வைத்தால் விதி நிற்கிறது. 'ஒரே பஞ்சுக் கலவையில் நூற்ற நூல்' என்பதை வைத்தால், கோன் கலந்த அன்றைக்கே விதி உடைந்துவிடுகிறது.

பெயர் மட்டும் ஒத்துப்போனாலும் போதாது. கோவை மில்களில் 'முப்பதாம் நம்பர் நூல்' என்றால், 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் முப்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று பொருள். இந்த முறையில் எண் கூடக் கூட நூல் மெலியும். டெக்ஸ் முறையிலோ 1,000 மீட்டரின் கிராம் எடையே எண். எண் கூடினால் நூல் தடிக்கும். 'நூல் எண்: 30' என்று மட்டும் எழுதிய கட்டத்தை ஒருவர் டெக்ஸ் என்று படித்தால், அவர் மனத்தில் இருப்பது ஏறத்தாழ இருபதாம் நம்பர் நூல். அதனால்தான் தரவு விவரங்களைப் பதிவதற்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 11179 தரநிலை, ஒரு தரவு உறுப்பு (பதிவேட்டின் ஒரு கட்டம் போன்றது) எதைக் குறிக்கிறது என்பதையும், அது எடுக்கக்கூடிய மதிப்புகளின் களத்தையும் தனித்தனியாக வரையறுக்கச் சொல்கிறது.

தரவு மாதிரியாக்கத் துறையின் சொற்களிலேயே இந்தச் சிக்கல் உண்டு. 1970-இல் கணினி அறிவியலாளர் எட்கர் காட் 'ரிலேஷன்' என்றது, நாம் அட்டவணையாக எழுதும் கணிதக் கருத்தை. 1976-இல் இன்னொரு கணினி அறிவியலாளர் பீட்டர் சென் 'ரிலேஷன்ஷிப்' என்றது, உருபொருள்களுக்கு இடையிலான பிணைப்பை. தமிழில் இரண்டையும் 'உறவு' என்று எழுதிவிட்டால் மாணவர் தடுமாறுவது அவர் குற்றமன்று. 'தகவல் மாதிரி', 'தரவு மாதிரி' என்ற சொற்களும் மாறி மாறிப் புழங்கியதால், 2003-இல் இவற்றின் வேறுபாட்டை விளக்குவதற்கென்றே ஆர்எஃப்சி 3444 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வெளியானது. ரோலுக்கும் சாய லாட்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்வது தகவல் மாதிரி. அதைச் செயல்படுத்துவோருக்கான விவரங்களோடு எழுதுவது தரவு மாதிரி. முன்னதிலிருந்து பின்னது பல பிறக்கலாம்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று பள்ளியில் கட்டுரைக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் இங்கே தீங்கு செய்கிறது. ஒரு பத்தியில் 'பண்பு', அடுத்ததில் 'இயல்பு', மூன்றாவதில் 'தன்மை' என்று எழுதினால், படிப்பவர் மூன்று வெவ்வேறு பொருள்களைத் தேடுவார். அவர் தேடுவதே சரி. பழைய சொல்லைத் துடைத்தெறியவும் தேவையில்லை. சொற்பட்டியலில் 'நூல் லாட்', 'சாய லாட்' இரண்டின் கீழும், 'தவிர்க்க வேண்டிய சொல்: லாட்' என்று ஒரு வரி சேர்த்தால், பட்டறையில் கேட்ட சொல்லோடு தேடி வருபவர் தனக்குரிய வரையறையை அங்கேயே கண்டுகொள்வார்.