பரோல் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

சிறைவாசிகள் சில நாள் வெளியே போய்த் திரும்பக் கேட்கும் விடுப்பு (பரோல்) மனுக்களை நடத்தும் வழக்கறிஞர் நான். மறுப்பு உத்தரவுகளில் அடிக்கடி பார்க்கும் வரி: ‘வெளியே விட்டால் சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்.’ யாரால், எப்படி என்று எதுவும் இருக்காது. அம்மா ஐசியுவில் இருக்கும்போது இந்த ஒற்றை வரியால் மனு தள்ளுபடியாகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் உள்ளன. நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு. நீண்ட காலம் உள்ளே இருப்பவர் குடும்பத்தைப் பார்த்துவர சாதாரண விடுப்பு. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். போலீசும் நன்னடத்தை அலுவலரும் அனுப்பும் அறிக்கைகளில்தான் வித்தியாசம் வருகிறது. ஒருவர் வீடுவரை போய் அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுகிறார். இன்னொருவர் பழைய எஃப்ஐஆரைப் பார்த்தே எழுதிவிடுகிறார். பத்து வருடத்தில் ஒரு மனிதர் எப்படி மாறியிருக்கிறார் என்று எஃப்ஐஆரில் இருக்குமா?

குற்றத்தின் தன்மையை மட்டும் வைத்து பரோலை ஒரேயடியாக மறுக்கக் கூடாது என்று 2017-இல் அஸ்ஃபாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நடப்பது என்ன? பாலியல் வன்கொடுமை வழக்கில் 20 ஆண்டு தண்டனை பெற்ற தேரா சச்சா சௌதா அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீமுக்கு 2024 ஜனவரியில் ஹரியானாவில் 50 நாள் பரோல் கிடைத்தது. மாவோயிஸ்ட் தொடர்பு வழக்கில் நாக்பூர் சிறையில் இருந்த டெல்லிப் பேராசிரியர் ஜி.என். சாய்பாபாவுக்கு 2020-இல் தாயின் இறுதிச் சடங்குக்குக்கூடக் கிடைக்கவில்லை. 2024-இல் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டிலிருந்தே விடுவித்தது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, சரி. ஆனாலும் இவ்வளவு தூர இடைவெளியை எந்த விதியாலும் நியாயப்படுத்த முடியாது.

அறிக்கை எழுதுபவர் எல்லா மனுவுக்கும் ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முன்பு விடுப்பில் போனவர் நேரத்துக்குத் திரும்பினாரா? சிறையில் நடத்தை எப்படி? இப்போது யாருக்காவது மிரட்டல் இருக்கிறதா, அதற்கு ஆதாரம் என்ன? பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பயத்தையும் நேரில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஆபத்து இருந்தால் போலீஸ் காவலோடு அனுப்பலாமா என்று பார்த்த பிறகே மறுக்க வேண்டும்.

குடும்பத்தினர் மருத்துவச் சான்று, முகவரிச் சான்று, முந்தைய விடுப்பு உத்தரவு ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். வாய்மொழியாக ‘கிடைக்காது’ என்றால் உத்தரவின் நகலைக் கேளுங்கள். காரணமில்லாத உத்தரவை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலம் எதிர்க்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். தொலைபேசி எண் 15100.