வெள்ளை எலி வளர்த்து விற்க: சென்னையில் எந்த விதி, யாரிடம் பதிவு, ஈத்துக்கு எத்தனை குட்டி?

வெள்ளை எலி வளர்ப்பில் இறங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஈத்துக்கு எத்தனை குட்டி கிடைக்கும், அதைக் கூட்ட வழி உண்டா என்றுதான். சட்டம் கேட்கும் முதல் கேள்வி வேறு. குட்டிகளை யாருக்கு விற்கப் போகிறீர்கள்? அதற்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் எந்த விதி உங்களுக்குப் பொருந்தும், எங்கே போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்பது முடிவாகும்.

மருந்து ஆய்வகங்கள், மருத்துவக் கல்லூரிகள், பார்மசி கல்லூரிகள் இவற்றுக்கு விற்பதாக இருந்தால் அது முழுக்க மத்திய அரசின் கையில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த விலங்குச் சோதனைக் கட்டுப்பாடு, மேற்பார்வைக் குழுவிடம் பதிவு செய்யாமல் சோதனைக்கென்று ஒரு எலியைக்கூட வளர்த்து வியாபாரம் செய்யக் கூடாது. இதற்கான விதிகள் 1998இல் வந்தன. 2001இலும் 2006இலும் திருத்தப்பட்டன. பதிவு பெற்ற வளர்ப்பாளர் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு மட்டுமே விற்கலாம். அந்த நிறுவனமும் பதிவு பெற்றவரிடம்தான் வாங்க வேண்டும். "முதலில் நாலு கூண்டு வைத்துப் பார்ப்போம், ஓடினால் பதிவு செய்துகொள்ளலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

பெரிய ஈத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுப்பதையே ஓர் ஆய்வாகச் செய்ய நினைக்கும் மாணவருக்கு, தன் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எலி, சுண்டெலி, முயல் போன்ற சிறு பிராணிகளுக்கு அந்தக் குழு அளவிலேயே அனுமதி கிடைத்துவிடும், டில்லி வரை போக வேண்டியதில்லை. அதில் விஞ்ஞானிகளோடு ஒரு கால்நடை மருத்துவர், வெளி நிறுவனத்து விஞ்ஞானி ஒருவர், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவர், மத்தியக் குழு நியமித்த உறுப்பினர் ஆகியோர் இருப்பார்கள். "இத்தனை எலி எதற்கு? குறைத்தால் என்ன?" என்று சாதாரண மனிதராகக் கேட்க அந்த விஞ்ஞானி அல்லாத உறுப்பினரால்தான் முடியும். விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

வளர்ப்புப் பிராணியாகவோ பாம்புக்கு இரையாகவோ வெளியில் விற்பதென்றால் 2018இல் வந்த வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளைப் பார்க்க வேண்டும். நாய், பூனை, முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர் வரிசையிலேயே எலி, சுண்டெலி வகைகளும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கடை என்றால் கொளத்தூரிலோ பிராட்வேயிலோ போர்டு மாட்டிய கடை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். விற்பனைக்காகப் பிராணிகளை வைத்திருக்கும் எந்த இடமும் கடைதான். வாரச் சந்தையும் சேரும், ஆன்லைன் விற்பனைத் தளமும் சேரும். மொட்டை மாடிக் கூண்டும் விற்பனைக்கென்று இருந்தால் அந்த வரையறைக்குள் வந்துவிடும். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது. பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பால் மறக்காத குட்டியை விற்கக் கூடாது.

மலைப்பாம்பு வளர்ப்பவர்களுக்கு விற்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பால் பைத்தான் (ball python) போன்ற வெளிநாட்டுப் பாம்புகளை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பாம்புகளைக் காட்டுயிர்ச் சட்டப்படி வீட்டில் வைக்கவே முடியாது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். நாய்களுக்கு 2017 விதிகளில் தெளிவான வரம்பு இருக்கிறது: 18 மாதம் ஆகாத பெட்டையை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது, ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எலிக்கு அப்படி வரம்பு எதுவும் எழுதப்படவில்லை. எத்தனை ஈத்து, ஈத்துக்கு எத்தனை குட்டி என்பதெல்லாம் வளர்ப்பவர் மனசுக்கு விடப்பட்டிருக்கிறது. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. ஏனென்றால் எலியின் உடம்பு அப்படிப்பட்டது. சினைக்காலம் 21 முதல் 23 நாள். குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் மறுபடி சினை பிடிக்கும். ஆண் எலியைக் கூண்டிலிருந்து எடுக்காவிட்டால் ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டே மறுபக்கம் அடுத்த ஈத்தைச் சுமக்கும்.

பெண் எலிக்குக் காம்பு 12. பதினைந்து பதினாறு குட்டி போட்டாலும் வளர்க்கத்தான் பார்க்கும், ஆனால் குட்டிகள் சிறுத்துப்போகும். பிறந்த குட்டி ரோமமே இல்லாமல் ரோஜா நிறத்தில் இருக்கும்; தோல் அவ்வளவு மெல்லியது, குடித்த பால் வயிற்றில் வெள்ளைத் திட்டாக வெளியே தெரியும். பெரிய ஈத்தில் தினமும் அதைப் பாருங்கள். திட்டுத் தெரியாத குட்டி பட்டினி கிடக்கிறது.

பெரிய ஈத்துக்காரியின் குட்டியையே அடுத்த தாயாக வைத்துக்கொண்டே போனால் எண்ணிக்கை ஏறும் என்று தோன்றும். அவ்வளவு நேராக நடப்பதில்லை. ஈத்தின் அளவில் பரம்பரையாக வரும் பங்கு குறைவு. தாயின் வயது, தீவனம், வெயில், எத்தனையாவது ஈத்து என்பவை எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. முதல் ஈத்து பொதுவாகச் சிறியது. இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டத்தில் பாலுக்கு அடித்துக்கொண்டு வளர்ந்த பெண் குட்டி உடம்பில் சிறுத்திருக்கும். அது தாயாகும்போது ஈத்தும் சிறுக்கும். சுண்டெலிகளில் இதை மரபியலாளர் ஃபால்கனர் 1960களிலேயே காட்டினார். அண்ணன் தங்கையை ஜோடி சேர்த்தால் இன்னும் மோசம், உள்ளினச் சேர்க்கையில் முதலில் அடிபடுவது ஈத்தின் அளவுதான்.

ஆகவே எண்ண வேண்டியது பிறந்த குட்டிகளை அல்ல, 21ஆம் நாள் பால் மறந்து நல்ல எடையோடு நிற்கும் குட்டிகளை. ஒவ்வொரு கூண்டிலும் அட்டை தொங்கவிட்டு, தாய், தகப்பன், ஈன்ற தேதி, பிறந்தது, பால் மறந்தது என்று எழுதுங்கள். இரண்டு மூன்று ஈத்து பார்த்த பிறகு தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில் ஈன்ற இரண்டு தாய்களில் ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு என்றால் குட்டிகளை மாற்றிவிட்டுச் சமப்படுத்துங்கள். பால் மறக்கும் வரை ஆணைத் தனிக் கூண்டில் வையுங்கள்.

சென்னையில் இதற்கெல்லாம் மேல் வெயில் இருக்கிறது. ஆய்வகப் பிராணிக் கூடங்களுக்கு மத்தியக் குழு சொல்லும் வெப்பநிலை 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம். மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே இது நடக்காது. சூடு ஏறினால் ஆண் எலியின் மலட்டுத்தன்மை கூடும், ஈத்து சிறுக்கும், தாய் குட்டியைக் கைவிடும். ஏ.சி.யும் கரண்ட் போனால் ஓட ஜெனரேட்டரும் வாங்க முடியாதவர் கோடையில் ஜோடி சேர்க்காமல் இருப்பதே நல்லது.

எலிக்கென்று வரம்பு இல்லை என்பதால் கேட்க ஆளே இல்லை என்று ஆகாது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது, போதுமான தீவனமும் தண்ணீரும் நிழலும் தராதது எல்லாம் 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை அப்படியே நிற்பது வெட்கக்கேடு. கடை விதியை மீறினால் பதிவு ரத்தாகும் என்பதுதான் நடைமுறையில் கொஞ்சமாவது பயம் தருகிறது.

விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய் எலிகளைப் பார்க்கச் சம்மதிக்கும் கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்து வையுங்கள். பதிவுக்காக இடத்தை ஆய்வு செய்ய வரும்போது கூண்டு, காற்றோட்டம், தண்ணீர், நோய்ப்பட்ட எலியைத் தனியே வைக்க இடம் இவை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அட்டைகளையும் எடுத்துக் காட்டுங்கள்.