பொத்தானைக் காட்டுவது பயிற்சி ஆகாது

புதிய ஸ்மார்ட் போர்டுகள் வந்து இறங்கியதும் பல்கலைக்கழகங்களில் ஒரு பயிற்சி முகாம் நடக்கும். கருவியை விற்ற நிறுவனத்திலிருந்து ஒருவர் வருவார். அரங்கு நிறைய ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இயற்பியல்காரரும் வரலாற்றுக்காரரும் கணக்கியல்காரரும் ஒரே விளக்கத்தைக் கேட்பார்கள்: இங்கே தொட்டால் பேனா, இங்கே தொட்டால் அழிப்பான், இப்படி இழுத்தால் திரை இரண்டாகும். வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, கையில் ஒரு சான்றிதழ், அத்தோடு முடிந்தது. மறுவாரம் அதே பலகையில் போன ஆண்டின் பவர்பாயிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்வது வழக்கம். 'மூத்தவர்கள், மாற மாட்டார்கள்' என்று நிர்வாகக் கூட்டங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். உயர்கல்வி ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி தருவதையே வேலையாகக் கொண்ட எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் கோபம் வருகிறது. தன் துறைக்கு ஒரு புதிய ஆய்வு மென்பொருள் வந்தால் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிற மனிதர், வகுப்பறை மென்பொருளைத் தொடாமலே இருக்கிறார் என்றால் அதற்கு வயதைக் காரணம் காட்ட முடியாது. ஆய்வு மென்பொருள் அவருடைய சொந்தக் கேள்வி ஒன்றுக்கு விடை தருகிறது. வகுப்பறைக் கருவியோ அவர் கேட்காத கேள்விக்கு விடையாக வந்து நிற்கிறது.

ஆகவே என் பயிற்சிகளில் முதல் அமர்வில் கணினியைத் திறப்பதில்லை. வந்திருப்பவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்பேன்: உங்கள் பாடத்தில் மாணவர்கள் ஆண்டுதோறும் தடுக்கி விழும் இடம் எது? இதற்குப் பதில் இல்லாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றென்று நினைக்கிறார்கள் என்பார் ஒருவர். இரண்டு விஷயங்கள் சேர்ந்து மாறினாலே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் என்பார் புள்ளியியல் ஆசிரியர். நிரலாக்கம் கற்பிப்பவர், மாறியில் இருப்பது மதிப்பா, அந்த மதிப்பு இருக்கும் இடத்தின் முகவரியா என்பதில் பாதி வகுப்பு குழம்புகிறது என்பார். அந்தக் குழப்பத்தை எழுதி மேசைமேல் வைத்துவிட்டால் எந்தக் கருவி வேண்டும், அல்லது கருவியே வேண்டாமா என்பது தானாகப் பேச்சுக்கு வந்துவிடும். பாடத்தைப் பற்றிய அறிவும் கற்பிப்பதைப் பற்றிய அறிவும் தொழில்நுட்ப அறிவும் தனித்தனியே இருந்தால் போதாது, மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் நல்ல வகுப்பு நடக்கும் என்று கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஷ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் எழுதினார்கள். கல்வித் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற கருத்து அது. பயிற்சி அட்டவணையில் மட்டும் இன்னும் முழுதாக இடம்பிடிக்கவில்லை.

எரிக் மஸூரின் அனுபவத்தை ஒவ்வொரு குழுவிடமும் சொல்வேன். அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டார்கள்; அவருடைய வகுப்புக்கும் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில், அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் எளிய கேள்விகளை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கனமான லாரியும் சிறிய காரும் மோதிக்கொண்டால் எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது என்பது போன்ற கேள்விகள். இரண்டும் சமம் என்று சொல்லும் நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களும் தடுமாறினார்கள். 'நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?' என்று ஒரு மாணவர் கேட்டதை மஸூரே சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு அவர் வகுப்பை நடத்தும் விதத்தையே மாற்றினார். சிறிது நேரம் விளக்கம், பிறகு ஒரு கருத்துக் கேள்வி, ஒவ்வொருவரும் தனியாக யோசித்து வாக்களிப்பது. ஏறக்குறைய 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் இடைப்பட்டவர்கள் சரியாகச் சொல்லியிருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், பிறகு மறுபடியும் வாக்கு. மாணவர்கள் பொத்தானை அழுத்தி விடை சொல்ல உதவும் கைக்கருவிகளான கிளிக்கர்கள் உலகம் முழுவதும் பரவியதற்கு இந்த முறை ஒரு முக்கியக் காரணம். ஆனால் 2008-இல் நத்தானியேல் லாஸ்ரி, கிளிக்கர் வைத்து நடத்திய வகுப்பையும் வெறும் அட்டைகளைத் தூக்கிக்காட்டி நடத்திய வகுப்பையும் ஒப்பிட்டார். கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. கருவி வாங்கும் குழுவில் இருப்பவர்கள் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கிளிக்கர் வீண் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாக்குகளை நொடியில் எண்ணித் தருகிறது, பதிவு செய்து வைக்கிறது, கூச்சப்படும் மாணவருக்கு மறைவு தருகிறது. ஆனால் மாணவரை யோசிக்க வைப்பது கேள்வியும் அதன்பின் நடக்கும் விவாதமும்தான். பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு அந்தக் கேள்வியை எழுதுவதற்குப் போக வேண்டும்.

அந்தப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சிறு காட்சி. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் அந்த லாரிக் கேள்வியையே வாக்கெடுப்புச் செயலியில் போட்டிருந்தார். சக ஆசிரியர்கள் சிலர் மாணவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். ஃபோனில் ஒவ்வொருவராக விடை அழுத்த அழுத்தத் திரையில் பட்டைகள் உயர்ந்துகொண்டே போயின.

"சார், இந்த வரைபடத்தை இப்போதே காட்ட வேண்டுமா?" என்று கேட்டேன்.

"மாணவர்களுக்கு ஆர்வமாக இருக்குமே, மேடம்" என்றார்.

சற்று நேரத்தில் அவரே கவனித்துவிட்டார். 'லாரி' என்ற பட்டை முதலில் உயர்ந்ததும், இன்னும் அழுத்தாமல் இருந்த ஒருவர் திரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையே அழுத்தினார். ஆசிரியர் அமைப்புகளுக்குள் போய், வாக்கெடுப்பு முடியும்வரை முடிவு தெரியாதபடி மாற்றினார். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை அவர் இனி மறக்க மாட்டார், ஏனென்றால் அது எதற்காக இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. விற்பனைப் பிரதிநிதி அதே பொத்தானைப் பட்டியலில் பத்தோடு பதினொன்றாகக் காட்டிவிட்டுப் போயிருப்பார்.

அடுத்து இன்னொன்றும் நடந்தது. வாக்கெடுப்பு முடிந்த மறுகணம் அவர் விளக்கத் தொடங்கிவிட்டார். நம்மில் அநேகமாக எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ 1970-களில் பள்ளி வகுப்புகளில் ஆராய்ந்தார். சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். இரண்டாவது ஒத்திகையில் அந்த ஆசிரியர் பேசாமல் நின்றார். அந்த மௌனம் அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. எந்தச் செயலியாலும் அதை அவருக்காகச் செய்து தர முடியாது. ஒத்திகை பார்த்துத்தான் பழக வேண்டும்.

திரைக்கு வருகிறேன். பவர்பாயிண்டில் ஒரு முழுப் பத்தியைப் போட்டுவிட்டு அதையே வாசிப்பது இன்றைக்கும் மிகப் பரவலான பழக்கம். கண் ஒரு வேகத்தில் படிக்கிறது, குரல் வேறொரு வேகத்தில் வருகிறது, மாணவர் இரண்டையும் ஒட்டவைப்பதிலேயே களைத்துப்போகிறார். ஒரே சொற்களை எழுத்திலும் ஒலியிலும் ஒருசேரத் தருவதைவிட, படத்தைக் காட்டிப் பேசுவது கற்றலுக்கு உதவுகிறது என்பதை ரிச்சர்ட் மேயர் தொடர்ந்து பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஒரு நேரத்தில் மனத்தில் நிறுத்தி வைக்கக்கூடிய செய்திகள் மிகச் சில என்பதுதான் இதற்கு அடிப்படை. ஜான் ஸ்வெல்லர் 1980-களில் முன்வைத்த அறிவுச்சுமைக் கோட்பாடும் அதிலிருந்து பிறந்ததே.

கணிதம், பொறியியல் ஆசிரியர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பன்னிரண்டு வரி நிறுவலை ஒரே சொடுக்கில் திரையில் கொண்டுவந்துவிடலாம். அப்படி வந்தால் மாணவர் முடிவைப் பார்க்கிறார், வழியைப் பார்ப்பதில்லை. கரும்பலகையில் எழுதிய காலத்தில் அந்தக் குறை இல்லை. ஒவ்வொரு வரியும் பிறப்பதற்கு நேரம் ஆனது, அந்த நேரத்தில் மாணவரும் கூடவே வந்தார். அதனால் இவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஆவணக் கேமராவை. வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். கை எழுதுவது திரையில் பெரிதாகத் தெரியும், கடைசி வரிசைக்கும் தெரியும், தாளைப் படமெடுத்து மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றிவிடலாம். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் நன்றாக நடத்தியவரின் கைத்திறன் அப்படியே உயிரோடு இருக்கிறது. அவரை ஸ்லைடு தயாரிப்பவராக மாற்றிவிட்டு நவீனமாகிவிட்டார் என்று சொல்வது அவருக்கும் மாணவருக்கும் நட்டம்.

வீடியோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இணையவழிப் பாடங்களில் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை அலசிய 2014-ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களைத்தான் மாணவர்கள் அதிகம் ஈடுபட்டுப் பார்க்கிறார்கள் என்று கண்டது. ஐம்பது நிமிட விரிவுரையை அப்படியே பதிவு செய்து போடச் சொல்லி ஆசிரியர்களை வதைக்க வேண்டாம்.

பயத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். துறையில் பெயர்பெற்ற ஒரு பேராசிரியர், அறுபது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் கேபிளைச் செருகி, 'சிக்னல் இல்லை' என்ற நீலத்திரையின் முன் நிற்பது சிறிய விஷயம் அல்ல. ஒருமுறை அப்படி நின்றவர் மறுமுறை அந்தப் பக்கமே போக மாட்டார். ஆகவே ஒத்திகையை அவர் நடத்தப்போகும் அதே அறையில், அவருடைய சொந்த மடிக்கணினியோடு, மாணவர்கள் இல்லாத நேரத்தில் வைக்க வேண்டும். புரொஜெக்டருக்கு எந்த உள்ளீடு, ஒலி எந்த ஒலிபெருக்கிக்குப் போகிறது, கடவுச்சொல் நினைவிருக்கிறதா, இணையம் அறுந்தால் அடுத்த பத்து நிமிடத்தை எப்படி ஓட்டுவது என்று எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். மூத்தவர்களுக்கு இதைத் தனியாகவே செய்கிறேன். தன் பழைய மாணவர் இன்று சக ஆசிரியராகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது 'எனக்கு இது தெரியவில்லை' என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

முகாம் முடிந்தபின் வருவதுதான் உண்மையான பயிற்சி. கோட்பாட்டைச் சொல்வது, செய்து காட்டுவது, பயிற்சிக்கூடத்தில் செய்ய வைப்பது ஆகியவற்றோடு நின்றுவிட்டால் புதிய முறை வகுப்புக்குள் போய்ச் சேர்வது அரிது, வகுப்பிலேயே உடனிருந்து வழிகாட்டும் துணை வேண்டும் என்று புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-லேயே எழுதினார்கள். முதல் வாக்கெடுப்பு வகுப்பில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். மதிப்பெண் போட அல்ல; அந்தக் குறிப்புகள் ஆசிரியரைத் தவிர யார் கைக்கும் போகாது. அவருடைய கேள்விக்கு மாணவர்கள் பக்கத்து இருக்கையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவர் மேடையிலிருந்து கேட்க முடியாது. அதை எழுதிக்கொடுப்பதுதான் என்னால் செய்யக்கூடிய பெரிய உதவி.

இந்த உதவி இல்லாவிட்டால் நல்ல ஆசிரியர்களும் மாணவர்களின் முதல் முணுமுணுப்பிலேயே பின்வாங்கிவிடுவார்கள். முணுமுணுப்பு கட்டாயம் வரும். ஹார்வர்டில் லூயி டெலோரியே குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், விரிவுரை கேட்காமல் தாங்களே கேள்விகளுக்கு விடை தேடிய செயல்வழி வகுப்பில் இருந்த மாணவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டால் எல்லாம் புரிந்துவிட்டது போலத் தோன்றுகிறது, தானே முட்டிமோதினால் ஒன்றும் தெரியவில்லை போலத் தோன்றுகிறது. இதை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் சொல்ல வேண்டும். பருவ இறுதியில் வரும் மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோடும் நிர்வாகத்துக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு பயிற்சிக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை 'மாணவர் காப்பியடித்ததைக் கண்டுபிடிப்பது எப்படி?' என்பதாகவே இருக்கின்றன. கண்டறியும் கருவிகளை நம்பி ஒரு மாணவரின் வாழ்க்கையோடு விளையாட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் சராசரியாகத் தவறாக 'இயந்திரம் எழுதியது' என்று முத்திரை குத்தியதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு காட்டினார்கள். பயிற்சியில் நாங்கள் செய்வது வேறு. ஆசிரியர் தன் ஒப்படைப்புக் கேள்வியைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்துப் பார்க்கிறார். வந்த விடைக்குத் தன் அளவுகோலின்படி மதிப்பெண் போடுகிறார். நல்ல மதிப்பெண் கிடைத்துவிட்டால் கேள்வியைத் திருத்தி எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவருக்கே புரிகிறது.

ஃபோன் இல்லாத மாணவர், திரையில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத மாணவர், காது சரியாகக் கேட்காத மாணவர் ஆகியோரை ஒவ்வொரு கருவியின்போதும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற அளவிலாவது நிற வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை விதிகளில் உள்ளது. சாம்பல் பின்னணியில் வெளிர்நீல எழுத்தை வைக்கும்போது அது மீறப்படுகிறது. வீடியோவுக்கு வசன வரி சேர்ப்பது காது கேளாதவருக்கு மட்டும் பயன்படுவதல்ல. சத்தமான இடத்தில் இருந்து பார்ப்பவருக்கும் பாடமொழியில் தடுமாறுகிறவருக்கும் அதே வரி கைகொடுக்கிறது.

துறைத்தலைவர்களிடமும் பதிவாளர்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. பயிற்சியைப் பருவ விடுமுறையின் தொடக்கத்தில் வைக்காதீர்கள்; கற்றதைச் செய்து பார்க்க வகுப்பு தொடங்குவதற்குள் எல்லாம் மறந்துவிடும். பாடம் நடத்துவதற்கு ஓரிரு வாரம் முன்னதாக வையுங்கள். ஒரே துறையைச் சேர்ந்த சிலரைச் சேர்த்து அனுப்புங்கள், திரும்பிப்போனபின் கலந்துபேச ஆள் இருக்கும். எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் வகுப்பில் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கருவிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, ஆசிரியரோடு வகுப்பில் உட்காரும் ஆளின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு பாடத்தைப் புதிதாக வடிவமைக்கும் ஆசிரியருக்கு அந்தப் பருவத்தில் மட்டுமாவது வகுப்புச் சுமையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.