ப்ரீகாஸ்ட் அடுக்குமாடி வீடு: மானியம் யாருக்குப் போகிறது, சாவி வாங்குமுன் எதைப் பார்ப்பது?

பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பர் 1 முதல் ஐந்தாண்டுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. ப்ரீகாஸ்ட் (பாகங்களை முன்பே வார்த்து, பிறகு பொருத்துவது) போன்ற புதிய கட்டுமான முறையில் எழும் கூட்டுக் குடியிருப்புகளுக்கு இதில் தொழில்நுட்ப மானியம் என்று சதுர மீட்டருக்கு 1,000 ரூபாய் தனியாக உண்டு. 30 சதுர மீட்டர் வீட்டுக்கு 30,000 ரூபாய். இந்தப் பணம் கட்டுமானத் திட்டத்துக்குத்தான் போகும், பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வராது. சொந்த மனையில் தாமே வீடு கட்டிக்கொள்பவருக்கும் இது கிடையாது. “ப்ரீகாஸ்டில் கட்டினால் கூடுதல் மானியம் வாங்கித் தருகிறேன்” என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் கூட்டுக் குடியிருப்பு வீட்டுக்கு மத்திய அரசு தருவது 1.5 லட்சம், மாநிலப் பங்கு குறைந்தது 1 லட்சம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அவர்களில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் அரசு வீட்டுத் திட்டம் எதிலும் பயன் பெற்றிருக்கவும் கூடாது. ஆதார், வருமானச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

ப்ரீகாஸ்ட் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு சென்னை பெரும்பாக்கம். நாட்டின் ஆறு நகரங்களில் 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட மாதிரித் திட்டங்களில் இதுவும் ஒன்று. 1,152 வீடுகள், 2022 மே மாதம் திறப்பு விழா. தூண், உத்தரம், தளப் பலகை, படிக்கட்டு எல்லாம் முன்பே வார்க்கப்பட்டு, கிரேனில் தூக்கிப் பொருத்தப்பட்டன. தூணின் நடுவில் குழி இருக்கும். உத்தரத்தின் முனையை அதில் செருகி, இணைப்புக் கம்பிகளை வைத்து, தானே பரவி நிரம்பும் கான்கிரீட்டை ஊற்றுவார்கள். பிறகு தளப் பலகைகளை அடுக்கி, மேலே கம்பியுடன் ஓர் அடுக்கு கான்கிரீட் போடுவார்கள். உட்சுவர்கள் ஏஏசி பிளாக்கில் (காற்றுத் துளைகள் கொண்ட இலகு கான்கிரீட் கல்) எழும். மற்ற ஐந்து நகரங்களுக்கும் ஒரே முறை இல்லை. ராஜ்கோட்டில் சுவரையும் தளத்தையும் சேர்த்தே வார்த்தார்கள். இந்தூரில், இரு பலகைகளுக்கு நடுவே இலகுவான நிரப்பு வைத்த சாண்ட்விச் பலகைகள்.

வார்த்த பாகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழுது வருவது இணைப்புகளில்தான். அதனால் சாவி வாங்கும் நாளில் தூணும் ஏஏசி சுவரும் சேரும் கோட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். கான்கிரீட்டும் ஏஏசியும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அங்கே வலை பதிக்காமல் பூசியிருந்தால் நேர்கோடாக விரிசல் விழும். மயிரிழை விரிசலைப் பிரித்து வலை வைத்துப் பூசினால் சரியாகிவிடும். உத்தரம் தூணில் உட்காரும் இடத்தில் விரிசலோ துருக்கறையோ தெரிந்தால் அதைப் பூசி மறைக்க விடாதீர்கள், பொறியாளர் வந்து பார்க்கட்டும். கழிவறைத் தளத்தில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிவைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

குடியேறிய பின் தூணையோ உத்தரத்தையோ வெட்டி வயர் பதிக்கக் கூடாது. ஏஏசி சுவரில் சாதாரண பிளக் நிற்காது. கெய்சர், அலமாரி போன்ற கனமான பொருளுக்கு ஏஏசிக்கென்றே விற்கும் நீளமான பிளக் வேண்டும். ஏஏசி தண்ணீரை உறிஞ்சும். குழாய்க்காக வெட்டிய இடத்தை அப்படியே விட்டால் சுவரில் ஓதம் ஏறும்.

பழுதைச் சரிசெய்து தரக் கேட்பது உங்கள் உரிமை. ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், கட்டியவர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். ஒதுக்கீடு பெறுபவருக்கு வீடு கட்டி விற்கும் அரசு வாரியமும் அந்தச் சட்டத்தில் கட்டுநர்தான். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வராமல், தேதி தெரியும் புகைப்படத்துடன் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, ஒப்படைப்புச் சான்றுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.