இறக்கத்தில் ஏன் கால் நடுங்குகிறது?

"ஏறும்போது கஷ்டம்னா சரி. இறங்குறதுக்கு எதுக்குடா உனக்கு இப்படிக் கால் நடுங்குது?"

பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையில் அக்கா கேட்டது இது. காலை ஏழு மணிக்குக் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் கிளம்பி, டால்பின் நோஸ் பாறை தாண்டி, வெள்ளகவி கிராமம் வழியாகச் சாயங்காலம் ஐந்தரைக்கு அடிவாரம் வந்து சேர்ந்தோம். வனத்துறை அனுமதி வாங்கியிருந்தோம், வழிகாட்ட வெள்ளகவிக்காரர் ஒருவர் கூட வந்தார். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பெரியகுளம் சுமார் 300 மீட்டரில். ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தை ஒரே நாளில் தொடையால் தாங்கி இறக்கியிருக்கிறோம். அக்கா தேனியிலிருந்து தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தாள். பார்த்து எட்டு மாசம் ஆகியிருந்தது. அவளைக் கண்டதும் பாறையிலிருந்து சட்டென்று எழுந்தேன், முட்டி மடங்கிவிட்டது, அவள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள். சாப்பிட்டுக்கொண்டே அவளுக்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது, மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பள்ளியில் படித்ததுதான்: தசைக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகை இழைகள். மயோசினில் இருக்கும் குட்டித் தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். விடுவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு ஏடிபி மூலக்கூறு, அதாவது செல்லின் எரிபொருள், வேண்டும். தசை சுருங்குவது இப்படித்தான். ஆனால் இறக்கத்தில் தசை சுருங்குவதில்லை, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஒரு படி கீழே கால் வைக்கும்போது மேலே நிற்கும் காலின் முட்டி மடங்குகிறது. முட்டி மடங்க மடங்க முன்தொடைத் தசை நீள்கிறது. சும்மா நீளவிட்டால் உருண்டு விழுவோம், அதனால் அது இறுக்கிப் பிடித்துக்கொண்டே நீள்கிறது, பிரேக் மாதிரி. கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது உடனே புரியும். நிறைந்த வாளியை மேலே இழுக்கும்போது கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம், மூச்சு வாங்குகிறது. அதே வாளியைக் கயிற்றைப் பிடித்தபடி மெதுவாக உள்ளே இறக்கிப் பாருங்கள். மூச்சு வாங்காது, உள்ளங்கை எரியும். இறக்கத்தில் மயோசின் தலைகளுக்கும் இதே கதிதான். உடம்பின் எடை அவற்றை ஆக்டினிலிருந்து பிய்த்தே எடுத்துவிடுவதால், விடுவதற்கான ஏடிபி பெருமளவு மிச்சமாகிறது. பிடித்த பிடியிலேயே பிய்கிற ஒவ்வொரு தலையும் இழுக்கும்போது தருவதைவிட அதிக விசையைத் தாங்குகிறது. அதனால் குறைந்த தசைநார்களை வைத்தே உடம்பு வேலையை முடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு நாரின் மேலும் விழும் பாரம்தான் கூடிப்போகிறது.

இதை நிரூபித்த சோதனையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1952-ல் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று உடலியல் ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே செயினால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும், மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலைக் காலால் எதிர்த்துத் தடுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே வேகம், ஒரே விசை. ஆனால் மிதித்தவர் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன், தடுத்தவர் எடுத்துக்கொண்டதைப்போலப் பல மடங்கு! சின்ன உருவம் கொண்ட ஒரு பெண் தடுக்க, வாட்டசாட்டமான ஆண் மிதித்து மிதித்து ஓய்ந்துபோவதைப் பார்வையாளர்கள் முன்னாலேயே செய்து காட்டினார்கள். மலை இறங்குகிற நம் தொடை அந்தப் பெண்ணின் இடத்தில் இருக்கிறது. நெஞ்சுக்கு வேலை தெரிவதே இல்லை, அதனால் நாம் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கிறோம்.

அப்புறம் வலி. தசைநார் என்பது சார்கோமியர் என்ற நுண்ணிய கண்ணிகள் கோத்த சங்கிலி, ஒரு கண்ணி 2 முதல் 3 மைக்ரோமீட்டர் நீளம். பாரத்தோடு நீளும்போது எல்லாக் கண்ணிகளும் சமமாக நீள்வதில்லை. பலவீனமான சில, இழைகள் ஒன்றையொன்று தொடாத தூரத்துக்கு இழுபட்டுவிடுகின்றன. ஓய்வு கிடைத்ததும் பெரும்பாலானவை பழையபடி கோத்துக்கொள்ளும், சில சிதைந்தே நிற்கும். உடம்பு அங்கே பழுதுபார்க்கக் கிளம்புகிறது, வீக்கம் வருகிறது, நரம்பு முனைகள் கூச்சமாகின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிப்பதால்தான் வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உச்சத்துக்கு வருகிறது. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று இன்னமும் ஜிம்மில் சொல்கிறார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள். அது ஓய்வெடுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும், அதோடு அது அதிகம் சுரப்பது ஏற்றத்தில்தான்.

வலி தாமதமாக வருவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மலைக்குப் போய்வந்து இரண்டு நாள் கழித்துப் படுத்துக்கொண்டால் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று கயிறு கட்டுகிறார்கள், நாலைந்து நாளில் தானாகச் சரியாகிற வலிக்குக் கயிற்றுக்குப் பேர் கிடைக்கிறது. கயிறு கட்டுவதால் கெடுதல் இல்லை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் அது தசை மோசமாகச் சிதைந்ததன் அடையாளம், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அந்த நேரத்தைக் கயிறு தின்றுவிடக்கூடாது. வெள்ளியங்கிரியிலும் சபரிமலையிலும் இத்தனை பேர் ஏறி இறங்கும் நாட்டில், அவர்கள் தொடையையும் முட்டியையும் ஆராய நம் பல்கலைக்கழகங்களுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதும் என் ஆசை.

நல்ல செய்தி ஒன்று உண்டு. ஒரு முறை இப்படி அடிபட்ட தசை, சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சிதைகிறது. எலிகளை இறக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது அவற்றின் தசைநாரில் கண்ணிகளின் எண்ணிக்கையே கூடியிருந்தது. கண்ணி கூடினால் ஒவ்வொன்றும் நீள வேண்டிய அளவு குறையும். எங்களோடு வந்த வெள்ளகவிக்காரருக்குத் தோளில் மூட்டை, காலில் செருப்புகூட இல்லை. அடிவாரத்தில் எங்களை விட்டுவிட்டு, டீ குடித்து, அசையாத கால்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தொடைக்கு இது தினப்படி வேலை.

அடுத்த தடவை தானும் வருவதாக அக்கா சொல்லிவிட்டாள். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் பழனிக்குப் போய்வரச் சொல்லியிருக்கிறேன், விஞ்ச்சில் ஏறி, படியில் இறங்கி. எல்லாரும் படியில் ஏறி விஞ்ச்சில்தானே இறங்குவார்கள் என்று கேட்டாள். மீதிப் புளிச்சோற்றை என் தட்டில் போட்டுக்கொண்டே, "சரி, முருகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.