காற்றடித்த ஏர் ஃபில்டரை மறுபடி மாட்டாதீர்கள்

எஞ்சின் ஆயில் சீக்கிரம் குறைகிறது, சைலன்சரில் நீலப் புகை வருகிறது என்ற புகாருடன் சென்ற வாரம் காட்பாடியிலிருந்து ஒரு பெட்ரோல் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. ஏர் ஃபில்டரைக் கடந்து உள்ளே போகவே கூடாத மண், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி வரை மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. மாதந்தோறும் பஞ்சர் கடையில் ஃபில்டருக்குக் காற்றடித்துத் தாமே மாட்டிவிடுவதாக உரிமையாளர் சொன்னார். இதே பதிலை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

காற்றடித்தால் ஃபில்டர் புதிதாகிவிடும் என்ற நம்பிக்கையை முதலில் கைவிடுங்கள். பெரும்பாலான கார்களில் இருப்பது மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரின் வேகத்தில் மேலே ஒட்டிய பெருந்தூசி பறந்து, காகிதம் வெளுத்துத் தெரியும். ஆனால் அதே வேகத்தில் இழைகள் விலகி, கண்ணுக்குப் புலப்படாத துளைகள் விழுகின்றன. எஞ்சினைத் தேய்ப்பது அந்தத் துளைகளின் வழியே நுழையும் நுண்தூசிதான். உண்மையில், சிறிது அழுக்கேறிய ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே தூசியைப் பிடிக்கும் என்பதால், நிறம் மாறிய உடனே பதற வேண்டியதில்லை. சில கார்களின் கையேடுகள் இடையிடையே சுத்தம் செய்யச் சொல்வது உண்மைதான். அது குறைந்த அழுத்தத்தில், எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி ஊதுவதையே குறிக்கும், மாற்ற வேண்டிய கெடுவை அது தள்ளிப்போடாது. தண்ணீரில் அலசிக் காயவைப்பது இன்னும் மோசம்.

மைலேஜ் குறையவில்லையே என்று வாதிடுவோரும் உண்டு. இன்ஜெக்ஷன் பெட்ரோல் எஞ்சின்களில், வரும் காற்றின் அளவுக்கேற்பப் பெட்ரோலும் குறைந்துவிடுவதால் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் மைலேஜ் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது; இழுவைதான் குறையும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். வறண்ட பாலாற்றங்கரைச் சாலைகளிலும், ஜல்லி லாரிகளின் பின்னாலும் அன்றாடம் ஓடும் வண்டி அத்தனை காற்றோடு எவ்வளவு தூசியை இழுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கையேட்டில் தூசி மிகுந்த சாலைகளுக்கென்று தனியாகக் கெடு தரப்பட்டிருந்தால், நம் ஊருக்குப் பொருந்துவது அதுதான்.

வீட்டிலேயே மாற்றுவதை நான் தடுக்கவில்லை. எளிய வேலைதான், ஒழுங்காகச் செய்யுங்கள். டேஷ்போர்டு பெட்டியின் பின்னால் இருப்பது ஏசி ஃபில்டர். அதை மாற்றிவிட்டு ஏர் ஃபில்டரை மாற்றியதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் ஆறிய பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் மூடிய பின்னரே உள்ளிருக்கும் மண்ணை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பெட்டியை மூடுவதற்கு முன், குழாயின் வாயில் வைத்த துணியை எடுத்துவிட்டோமா என்று தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய ஃபில்டரையே வாங்குங்கள்; கடைக்காரர் தரும் ‘ஏறக்குறைய அதே அளவு’ உதவாது. ரப்பர் விளிம்பு சுற்றிலும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கிளிப் ஒன்று பூட்டாமல் போனாலும் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போகும். சென்சார் ஒயரைக் கழற்றியிருந்தால் ‘கிளிக்’ என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பெட்டியின் மூடியிலேயே மார்க்கரால் எழுதிவிட்டால், அடுத்த கெடு எப்போது என்று தேட வேண்டியிருக்காது.