லைசென்ஸ், உரிமம், இசைவு

எதையாவது கணினியில் நிறுவும்போது வரும் நீண்ட ஒப்பந்தத்தை நம்மில் யாரும் படிப்பதில்லை, ‘ஏற்கிறேன்’ என்பதைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தாலேயே லைசென்ஸ் என்றால் நம் கையைக் கட்டிப்போடுகிற ஏதோ ஒன்று என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சொல்லின் பிறப்போ நேர் எதிர். லத்தீனில் ‘லிகேரே’ என்றால் தடையில்லை, செய்துகொள்ளலாம் என்று பொருள். அதிலிருந்து ‘லிகென்தியா’, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து லைசென்ஸ் ஆனது. ஓய்வுநேரத்தைக் குறிக்கும் ‘லெஷர்’ கூட இதே வேரில் கிளைத்ததுதான், ‘இப்போது உன் விருப்பப்படி இருக்கலாம்’ என்ற அனுமதி.

தமிழில் இதற்கு உரிமம் என்கிறோம். நிலைத்துவிட்ட சொல், குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உரிமம் ‘உரிமை’யிலிருந்து ஆக்கியது, உரிமை உடையவரிடம் இருப்பது, லைசென்ஸோ உரிமை இல்லாதவருக்கு உடையவர் கொடுப்பது. “இந்தப் படத்தின் உரிமம் யாரிடம் இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டால் படம் யாருக்குச் சொந்தம் என்கிறாரா, யார் பயன்படுத்தலாம் என்கிறாரா, தெரியாது. முதலாவதைப் பதிப்புரிமை என்றே சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு என் காதுக்கு நெருக்கமான சொல் இசைவு.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், சட்டம் அப்படி. 1886-இல் உருவான, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 1908-இல் பெர்லினில் திருத்தப்பட்டபோது, பதிவு செய்வது போன்ற சடங்குகள் எதுவும் இல்லாமலே படைப்புக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்றாகிவிட்டது. அதாவது நீங்கள் எழுதி முடித்த நொடியே அது உங்கள் கட்டுப்பாட்டில். இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை: நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இணையத்தில் போட்டுவைத்தால், அந்த மௌனத்துக்குச் சட்டத்தில் ‘கூடாது’ என்றுதான் பொருள். கேட்டால் கொடுத்துவிடுவீர்கள்தான். ஆனால் ஒரு நிரலில் ஆயிரம் பேர் கைவைத்திருந்தால் யார் யாரைத் தேடிப்போய்க் கேட்பது? திறந்த உரிமம் என்பது யாரும் கேட்பதற்கு முன்பே, முன்பின் தெரியாதவருக்கும் சேர்த்துச் சொல்லிவைக்கும் ‘சரி’. முகம் தெரியாதவர்கள் ஒருவர் வேலையின் மேல் இன்னொருவர் அடுக்கிக்கொண்டே போகும் கூட்டறிவு இந்த ஒரு ‘சரி’யில்தான் நிற்கிறது.

பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, பலர் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பாடுபட்டதே போதும். 2012-இல் அந்த வரைபடம் தரவுத்தளத்துக்குப் பொருத்தமான வேறு உரிமத்துக்கு மாற வேண்டியிருந்தது, அதற்குப் பங்களிப்பாளர்கள் ஒவ்வொருவரின் சம்மதமும் தேவைப்பட்டது. மறுத்தவர்களும் பதிலே சொல்லாதவர்களும் வரைந்தவற்றை நீக்க வேண்டியதாயிற்று.

இசைவு என்ற சொல்லை நான் விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. அதற்குச் சம்மதம் என்றும் பொருள், ஒன்றோடொன்று பொருந்துவது என்றும் பொருள். உரிமங்களுக்கு இரண்டும் வேண்டும். விக்கிப்பீடியா தொடக்கத்தில் மென்பொருள் கையேடுகளுக்காக எழுதப்பட்ட குனூ ஆவண உரிமத்தில் இருந்தது, எழுத்து, படம் போன்ற படைப்புகளுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமத்தில் வந்த எழுத்தை அதோடு கலக்க முடியவில்லை. இரண்டுமே திறந்தவை, இரண்டு பக்கமும் நல்ல மனம், ஆனாலும் நடுவில் சுவர். 2009-இல் விக்கிப்பீடியா கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறிய பிறகுதான் அது இடிந்தது. தானாக ஓர் உரிமத்தை எழுதிக்கொள்ள ஆசைப்படுபவர்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

அப்புறம், காப்பிலெஃப்ட். காப்பிரைட்டின் ‘ரைட்’டை வலது என்று எடுத்துக்கொண்டு இடதுக்குத் திருப்பிய சிலேடை, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமம் அதன் புகழ்பெற்ற வடிவம். எடுத்துத் திருத்தி வெளியிடுகிறாயா, அதையும் இதே உரிமத்தில் வெளியிடு என்கிறது. அளிப்புரிமை என்கிறார்கள் தமிழில். சிலேடை போய்விட்டது, பொருள் தங்கிவிட்டது, நல்ல வியாபாரம்தான். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்றால் இலவசமா சுதந்திரமா என்று இன்றும் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள், நமக்குக் ‘கட்டற்ற’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. (அளிப்புரிமையே ஒரு கட்டு அல்லவா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அடுத்தவர் பூட்டிவிடக் கூடாது என்பதற்கான கட்டு.)

ஓட்டுநர் உரிமத்தை இசைவாக மாற்றச் சொல்லவில்லை, திறந்த உரிமம் என்றே நானும் எழுதுவேன். ஆனால் அப்படி வெளியானவற்றைப் ‘பதிப்புரிமை இல்லாதவை’ என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். பதிப்புரிமை இருப்பதால்தான் ‘பெயரைக் குறிப்பிடு’, ‘இதே உரிமத்தில் பகிர்’ என்று நிபந்தனையே வைக்க முடிகிறது. காலம் கடந்து உரிமை தீர்ந்துபோன படைப்புகள் வேறு கணக்கு, அவற்றுக்கு யாருடைய இசைவும் தேவையில்லை.